பிரேக்குக்கு ‘அன்டூ’ கிடையாது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு நோய் வரும். ‘எல்லாவற்றையும் நாமே செய்து விடலாம்’ என்கிற நோய். முதல் வாரம் டெஸ்க்டாப் படத்தை மாற்றுவோம். இரண்டாவது வாரம் தேவையில்லாத புரோகிராம்களை நீக்குவோம். மூன்றாவது வாரம் கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி, தூசியைத் துடைத்து, ராம் ஸ்டிக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகுவோம். கம்ப்யூட்டர் மறுபடியும் உயிர் பெற்றதும் நமக்குத் தலைகால் புரியாது. நான்காவது வாரம் வாசலில் நிற்கும் பைக் மீது கண் போகும்.

எனக்குப் போனது. அதன் விளைவைத்தான் இங்கே எழுதுகிறேன். இது கம்ப்யூட்டர் இதழ்தானே, பைக் பிரேக்குக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்களா? வேலை இருக்கிறது. பிரேக்கைக் கழற்றும் துணிச்சலை எனக்குக் கொடுத்ததே கம்ப்யூட்டர்தான்.

என் ஊர் பள்ளிப்பட்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஆந்திர எல்லையில், தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து புழங்கும் ஊர். வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில். ஏறக்குறைய 100 கி.மீ. தூரம் என்பதால் வார நாட்களில் அங்கேயே தங்கி விட்டு, வாரக் கடைசியில் பைக்கில் ஊருக்கு வருவேன். 2016-ல் வாங்கிய 150 சிசி பைக். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் டிரம்.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாலைகளில் ஒரு சங்கடம் உண்டு. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வரும். தரைப்பாலங்கள் மூழ்கும். தண்ணீர் வடிந்த பின்னும் சில நாட்கள் சேற்றிலும் மணலிலும்தான் வண்டி ஓட்ட வேண்டும். அப்படி ஒரு மழைக்காலம் முடிந்ததும் என் பைக்கைத் தள்ளவே சிரமமாக இருந்தது. முன்சக்கரம் இறுக்கமாகச் சுற்றியது. மெக்கானிக்கிடம் கொண்டு போயிருக்கலாம். ஆனால் வீட்டில்தான் புதுக் கம்ப்யூட்டர் இருக்கிறதே! யூட்யூபில் தேடினேன். பிரேக் காலிபரைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டும் 11 நிமிட வீடியோ ஒன்று கிடைத்தது. வெளிநாட்டுக்காரர், ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். பேச்சு பாதி புரியவில்லை. ஆனால் கைகள் செய்வது தெளிவாகத் தெரிந்தது. ‘கைகளைப் பார்த்தால் போதாதா?’ என்று நினைத்தேன். அதுதான் முதல் தப்பு.

நான் செய்தது என்ன?

வீடியோவில் அவர் ஒரு டின்னிலிருந்து எதையோ பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்தார். அது என்ன என்று நான் கேட்கவில்லை. என்னிடம் இருந்தது பெட்ரோல். அதில் காலிபரையும் பிஸ்டனையும் ரப்பர் சீலையும் ஊறப் போட்டுக் கழுவினேன். பளபளவென்று வந்தது. அவர் பிஸ்டன் மீது விரலால் எதையோ தடவினார். நான் செயினுக்கு வைத்திருந்த கிரீஸைத் தடவினேன். அவர் புது பாட்டிலைத் திறந்து பிரேக் ஆயில் ஊற்றினார். நான் இரண்டு வருடங்களுக்கு முன்பு திறந்து, பாதி மீந்து போய் அலமாரியில் கிடந்த பாட்டிலைக் கவிழ்த்தேன். எல்லாவற்றையும் மாட்டி முடித்து லீவரைப் பிடித்தேன். கெட்டியாக இருந்தது. சக்கரம் சுற்றியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஏங்க, எதுக்கும் ஒரு தடவ மெக்கானிக்கிட்ட காட்டிடுங்களேன்” என்றார். நான் காதில் போட்டுக் கொள்ளவில்லை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, பிளஸ் ஒன் படிக்கும் மகனைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு திருத்தணிக்குக் கிளம்பினேன். பொதட்டூர்பேட்டை தாண்டியதும் வண்டி இழுப்பது குறைந்தது. எதிர்க்காற்று என்று நினைத்துக் கொண்டு ஆக்சிலரேட்டரை இன்னும் முறுக்கினேன். ஏதோ தீய்ந்த வாடை வந்தது. வழியில் ஏதாவது எரிப்பார்கள் என்று நினைத்தேன். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் மெதுவாகப் போய்க் கொண்டிருந்தது. பிரேக் லீவரைப் பிடித்தேன். லீவர் எந்த எதிர்ப்பும் காட்டாமல் ஹேண்டில்பார் வரைக்கும் வந்து ஒட்டிக் கொண்டது. பிரேக் இல்லை!

பின் பிரேக்கை மிதித்து, கியரைக் குறைத்து, சாலையின் இடது ஓரத்து மண்ணில் வண்டியை இறக்கினேன். டிரெய்லரிலிருந்து நீட்டிக் கொண்டிருந்த கரும்பு நுனிகள் என் ஹெல்மெட்டுக்கு ஒரு கை தூரத்தில் கடந்து போயின. வண்டி நின்றது. மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து டிஸ்க் மீது இரண்டு சொட்டு விட்டான். தோசைக்கல்லில் விட்டது போலச் சுர்ரென்று ஆவியானது.

அரை மணி நேரம் ஆற விட்டு, பின் பிரேக்கை மட்டும் நம்பி, நடை வேகத்தில் பொதட்டூர்பேட்டை மெக்கானிக் கடைக்கு வண்டியைக் கொண்டு வந்தோம். அவர் காலிபரைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். “சார், பெட்ரோல்ல கழுவி கிரீஸ் தடவினீங்களா?” என்றார். பழைய சீலையும் ஒரு புதுச் சீலையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையது ஊறிய அப்பளம் மாதிரி உப்பி, புதியதை விடப் பெரிதாக இருந்தது. “யாருண்ணா சொல்லிக் குடுத்தது?” என்று என் மகனைப் பார்த்துக் கேட்டுச் சிரித்தார். அவன், “கம்ப்யூட்டர்” என்றான்.

அந்தப் பதில் சரியில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லித் தரவில்லை. நான் பாதியைத்தான் கற்றுக் கொண்டேன்.

காலிபருக்குள் நடப்பது

முதலில் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து விடலாம். இது தெரியாமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது.

பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி படித்திருப்போம். அடைபட்ட திரவத்தின் மீது ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்திற்கும் சமமாகப் போகும். ஹேண்டில்பாரில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் சிறிய பிஸ்டன், சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் காலிபரில் பெரிய பிஸ்டன். கணக்குக்காகச் சிறியதன் விட்டம் 12 மி.மீ., பெரியதன் விட்டம் 36 மி.மீ. என்று வைத்துக் கொள்ளுங்கள். விட்டம் 3 மடங்கு என்றால் பரப்பு 9 மடங்கு. ஆகவே விசையும் 9 மடங்கு. இரண்டு விரல்களால் இழுத்தால் ஓடும் வண்டி நிற்பதன் ரகசியம் இதுதான்.

சரி, லீவரை விட்டதும் பிஸ்டன் எப்படிப் பின்னால் வருகிறது? டிரம் பிரேக்கில் ஸ்பிரிங் இருக்கும். காலிபரில் அந்த வேலைக்கு ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல்தான் அந்த வேலையைச் செய்கிறது. பிஸ்டன் முன்னால் போகும்போது சீல் சற்றே முறுக்கிக் கொள்கிறது. அழுத்தம் போனதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பின்னால் இழுத்துக் கொள்கிறது. அந்தச் சின்ன இடைவெளிதான் சக்கரம் இலகுவாகச் சுற்றக் காரணம்.

இப்போது என் தப்பைப் பாருங்கள். பிரேக் ஆயில் என்று நாம் பேச்சில் சொன்னாலும் டாட் 3, டாட் 4 வகைகள் எண்ணெய் அல்ல. கிளைகால் வகைத் திரவம். அதற்கு ஏற்ற ரப்பரில்தான் சீல் செய்கிறார்கள். அந்த ரப்பருக்குப் பெட்ரோல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவும் ஆகாது. உப்பி விடும். உப்பிய சீல் பிஸ்டனைப் பின்னால் விடவில்லை. பிரேக் பேட் டிஸ்க்கை உரசிக் கொண்டே ஓடியது. உரசல் சூடாகியது. அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போனது.

அங்கே என் இரண்டாவது தப்பு காத்திருந்தது. கிளைகால் வகைப் பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்து விட்டால் விதிப்படி 155 டிகிரி இருந்தால் போதும். டாட் 3 என்றால் இந்த எண்கள் 205, 140. என் அலமாரியில் இரண்டு வருடம் கிடந்த ஆயில் எவ்வளவு ஈரம் குடித்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். ஆயில் கொதித்தால் குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். லீவரை இழுத்தபோது நான் அமுக்கியது அந்தக் குமிழிகளைத்தான்.

ஒன்று கவனித்தீர்களா? வேலை முடிந்த அன்றைக்கு எல்லாமே சரியாக இருந்தது. லீவர் கெட்டி, சக்கரம் சுற்றியது. தப்பு ஒரு வாரம் கழித்து, மகன் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது வெளியே வந்தது.

கம்ப்யூட்டர் புத்தியும் பிரேக் புத்தியும்

கம்ப்யூட்டர் நமக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுத் தருகிறது. பயப்படாதே, செய்து பார். தப்பாக டைப் செய்தால் கண்ட்ரோல் இசட். தப்பாக அழித்த பைலை ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்கலாம். எல்லாமே கெட்டுப் போனால் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்து கொள்ளலாம். புதிதாகக் கற்பவருக்கு இந்தத் துணிச்சல் அவசியம். ஒவ்வொரு பட்டனையும் பயந்து பயந்து தொடுகிறவர் ஒரு வருடமானாலும் எதையும் கற்றுக் கொள்ள மாட்டார்.

ஆனால் இந்தப் புத்தியை அப்படியே தூக்கிக் கொண்டு பிரேக்குக்குப் போகக் கூடாது. அங்கே அன்டூ கிடையாது. பேக்கப் கிடையாது. ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் செய்ய முடியாது. தப்பைச் சொல்ல எந்தப் பெட்டியும் திரையில் வராது. கம்ப்யூட்டரில் தப்பு செய்தால் நஷ்டம் நமக்கு மட்டும். சாலையில் பின்னால் உட்கார்ந்திருப்பவரும் எதிரே வருகிறவரும் நம் பரிசோதனைக்குச் சம்மதம் சொன்னவர்கள் அல்ல.

அப்படியானால் வீட்டில் பிரேக் வேலையே செய்யக் கூடாதா? இங்கேதான் எனக்கும் பலருக்கும் கருத்து வேறுபாடு. என் அலுவலக நண்பர்கள், “அதெல்லாம் கம்பெனி சர்வீஸ்ல விடுங்க சார், நமக்கெதுக்கு?” என்கிறார்கள். நான் ஒப்புக் கொள்ளவில்லை. தன் வண்டியின் பிரேக்கை ஒரு தடவை கூடக் குனிந்து பார்க்காதவர், வேலை தெரியாமல் கழற்றியவரை விடப் பத்திரமானவர் என்று எப்படிச் சொல்வது? பேட் தேய்ந்து இரும்பு இரும்பை உரசும் சத்தத்தோடு ஓடும் வண்டிகளைக் கும்மிடிப்பூண்டி சாலையில் தினமும் பார்க்கிறேன். அவர்களில் யாரும் வீட்டில் ஸ்பேனர் பிடித்தவர்களாகத் தெரியவில்லை.

ஆகவே என் கருத்து இது: வேலையை மூன்று படிகளாகப் பிரியுங்கள். எந்தப் படி வரைக்கும் தெரியுமோ அங்கே நில்லுங்கள்.

முதல் படி: பார்ப்பது

இது எல்லாரும் மாதம் ஒரு முறை செய்ய வேண்டியது. ஹேண்டில்பாரில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் கண்ணாடியில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தையும் பாருங்கள். புதியது வெளிர் மஞ்சளாக இருக்கும். காபி டிகாக்ஷன் நிறத்துக்கு வந்து விட்டால் மாற்ற வேண்டும். நிறம் நன்றாக இருந்தாலும் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். டார்ச் அடித்துப் பேட்டின் தடிமனைப் பாருங்கள். தேய்மானக் கோடு மறைந்து விட்டால் புதியது போட வேண்டும். பல வண்டிகளில் டிஸ்க்கின் மீதே குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். ஓட்டி முடித்த பின் காலிபரைச் சுற்றி ஈரக்கசிவு உள்ளதா, சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். இதற்கு ஸ்பேனரே தேவையில்லை.

இரண்டாம் படி: துடைப்பது

காலிபரை அதன் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி இறக்குவது, பேட்டை எடுப்பது, ஸ்லைடு பின்களைச் சுத்தம் செய்வது. ஆயில் ஹோஸைக் கழற்றக் கூடாது. காலிபரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். நம் ஊர்ச் சேற்றுச் சாலையில் சக்கரம் இறுக்கமாவதற்குப் பல நேரம் இந்த ஸ்லைடு பின்கள் காய்ந்து போவதே காரணம். என் வண்டியிலும் மூலக் கோளாறு அதுதானாம். பிஸ்டனைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை!

பின்களுக்கு ரப்பருக்கு ஆகாத கிரீஸ் போடக் கூடாது. பிரேக் வேலைக்கென்றே விற்கும் சிலிகோன் கிரீஸ் மட்டும். பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள். வெளியே நீட்டியிருக்கும் பிஸ்டனை அப்படியே உள்ளே தள்ளாதீர்கள். அதன் மேல் படிந்த அழுக்கைத் துடைத்து விட்டுத் தள்ளுங்கள். இல்லையென்றால் அந்த அழுக்கு சீலைக் கீறி விடும். தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் வழியும். பெயின்ட் மீது பட்டால் பெயின்ட்டைத் தின்று விடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை ஓர் அடி நகர்த்தும் முன், லீவர் கெட்டியாகும் வரை பல முறை அழுத்த வேண்டும். இதை மறந்து விட்டுக் கிளம்பினால் முதல் பிரேக்கில் ஒன்றும் பிடிக்காது.

மூன்றாம் படி: பிரிப்பது

பிஸ்டனை வெளியே எடுத்துச் சீல் மாற்றுவது. இதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் முதல் தடவை செய்ய வேண்டும். பிஸ்டனைத் தள்ளக் கம்ப்ரஸர் காற்றைப் பயன்படுத்தினால் அது குண்டு போலப் பாய்ந்து விரலை நசுக்கும். ஹோஸைக் கழற்றும் முன் லீவரையே மெதுவாக அழுத்தி வெளியே கொண்டு வருவது பத்திரமான வழி. எடுத்த சீலைத் திரும்பப் போடக் கூடாது. புதிய சீல் செட் போட வேண்டும். சீல் உட்காரும் பள்ளத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் புதிய சீலும் பிஸ்டனை இறுக்கும். பிஸ்டனின் குரோம் பூச்சில் குழி விழுந்திருந்தால் பிஸ்டனையும் மாற்ற வேண்டும். கழுவ ஆல்கஹால் அல்லது பிரேக் கிளீனர். மாட்டும்போது சீலில் தடவ வேண்டியது புதிய பிரேக் ஆயில். அந்த வெளிநாட்டுக்காரர் விரலால் தடவியதும் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

கடைசியில் காற்று எடுக்க வேண்டும். நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, லீவரை அழுத்திப் பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடி, அதன் பிறகே லீவரை விட வேண்டும். டப்பாவில் ஆயில் தீர்ந்து போக விடக் கூடாது. தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 2018 ஏப்ரல் 1 முதல் புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனையில் இருந்த மற்ற மாடல்களுக்கும், 125 சிசிக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம் ஆக்கப்பட்டது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்து விட்டால், சில வண்டிகளில் அதை வெளியேற்றக் கண்டறியும் கருவியை வண்டியோடு இணைத்து, உள்ளே இருக்கும் வால்வுகளை இயக்க வேண்டியிருக்கும். அதாவது, உங்கள் பிரேக்குக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அந்த வண்டிகளில் மூன்றாம் படி வீட்டு வேலை அல்ல.

கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துவது?

இந்த அனுபவத்துக்குப் பிறகு நான் கம்ப்யூட்டரை மூட்டை கட்டி விடவில்லை. பயன்படுத்தும் முறையை மாற்றிக் கொண்டேன்.

முதலில் வீடியோ அல்ல, மேனுவல். உங்கள் வண்டித் தயாரிப்பாளரின் தளத்தில் ஓனர்ஸ் மேனுவல் பிடிஎஃப் பைலாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கண்ட்ரோல் எப் அழுத்திப் பிரேக் என்று தேடினால் எந்த வகை ஆயில், எத்தனை கி.மீ.க்கு ஒரு முறை சோதனை என்று வந்து விடும். அந்தப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். எண்ணெய்க் கையோடு கீபோர்டைத் தொட வேண்டாம்.

அதன் பிறகு வீடியோ. உங்கள் மாடல்தானா, எந்த ஆண்டு வண்டி என்று பாருங்கள். ஒன்று போதாது, மூன்று பாருங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி செய்தால் அது வழக்கம். ஒன்றில் மட்டும் வேறு மாதிரி இருந்தால் அங்கே நிறுத்தி ஏன் என்று கேளுங்கள். அவர் கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் பேப்பரில் எழுதுங்கள். பெயர் தெரியாத பொருள் ஒன்று இருந்தாலும் வேலையைத் தொடங்காதீர்கள். நான் இதை மட்டும் செய்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருக்காது. கீழே தமிழில் தானாக ஓடும் மொழிபெயர்ப்பை நம்பி ஸ்பேனரைத் திருப்பாதீர்கள். கேட்டால் உடனே பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதே விதிதான். போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும் என்று கேட்டால் கூச்சமில்லாமல் ஓர் எண்ணைச் சொல்லும். அது உங்கள் வண்டியின் எண்ணா என்பதை மேனுவலில் பார்த்து உறுதி செய்த பிறகே இறுக்க வேண்டும்.

கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் தேதி போட்ட போல்டரில் வையுங்கள். திரும்ப மாட்டும்போது எந்த வாஷர் எங்கே என்ற சந்தேகமே வராது. எக்ஸெல் தெரிந்தவர்கள் ஒரு ஷீட் போடுங்கள். தேதி, கி.மீ., செய்த வேலை, போட்ட பாகம், விலை என்று 5 காலம் போதும். ஆயில் பாட்டிலைத் திறந்த தேதியையும் எழுதுங்கள்; மீந்ததைச் சேமித்து வைக்காதீர்கள். கணக்குப் பிரிவில் வேலை செய்யும் எனக்கே இது ஒரு விபத்துக்குத் தப்பிய பிறகுதான் தோன்றியது!

யார் பொறுப்பு?

தப்பு என்னுடையது. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு கேள்வியும் இருக்கிறது. என் வண்டியின் காலிபரைப் பிரிக்கும் முறை, போல்ட் இறுக்க அளவு, சீல் மாற்றும் விதம் எல்லாம் சர்வீஸ் மேனுவல் என்ற பெரிய புத்தகத்தில் இருக்கும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், டீலர்களின் கையில் இருக்கிறது. வண்டிக்குச் சொந்தக்காரனான எனக்கோ, பொதட்டூர்பேட்டை மெக்கானிக்குக்கோ எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்காதவன் வீடியோவைத் தேடிப் போகிறான்.

நாம் இருப்பது எந்த இடம் என்று பாருங்கள். என்பீல்ட் இந்தியா 1955-ல் சென்னையில் தொடங்கித் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்தது. பிரேக்ஸ் இந்தியா 1962-ல் தொடங்கிப் பாடியில் பிரேக் செய்கிறது. பைக்கும் பிரேக்கும் பிறக்கும் வட்டாரத்தில் குடியிருக்கிறோம். ஆனால் சீலைப் பெட்ரோலில் கழுவாதே என்று தமிழில் ஒரு பக்கம் தேடினால் எனக்குச் சட்டென்று கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-ல் ஓட்டுப் போட்டு, வாகன ரிப்பேர் தகவல்களைத் தயாரிப்பாளர்கள் வெளிக் கடைகளுக்கும் தர வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தார்கள். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று 4 துறைகளை எடுத்துக் கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கான தளமும் தொடங்கப்பட்டது. நல்ல ஆரம்பம். அது முழுமையாக வேண்டுமானால் சர்வீஸ் மேனுவல்கள் எல்லாருக்கும், அவரவர் மொழியில் கிடைக்க வேண்டும். ரகசியமாக வைத்தால் யாரும் கழற்ற மாட்டார்கள் என்பது தப்புக் கணக்கு. கழற்றுவார்கள், தெரியாமல் கழற்றுவார்கள்.

மெக்கானிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது இரண்டாம் படி வரைக்கும் நானே செய்கிறேன். முடித்ததும் வண்டியை அவர் கடைக்குக் கொண்டு போவேன். லீவரைப் பிடித்து, சக்கரத்தைச் சுற்றி, போல்ட்டைத் தொட்டுப் பார்ப்பார். 5 நிமிட வேலை. முதல் தடவை காசு வேண்டாம் என்றார். நான் விடவில்லை. “கம்ப்யூட்டருக்கு மாதாமாதம் நெட் காசு கட்டறேன், உங்களுக்குக் குடுக்க மாட்டேனாண்ணா?” என்றேன். வாங்கிக் கொண்டார். அவருக்கு அந்த 11 நிமிட வீடியோவையும் என் மொபைலில் போட்டுக் காட்டினேன். பார்த்து விட்டு, “ஆளு நல்லாத்தான் பண்றாரு சார். நீங்கதான் சரியா பாக்கல” என்றார்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நண்பர்களே, அதிலிருந்து கற்றுக் கொள்ளுங்கள். தயங்க வேண்டாம். சமையல், தையல், ஒயரிங், பைக் வேலை எதுவானாலும் கற்றுக் கொள்ளுங்கள். ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக் கொள்ளுங்கள். ‘இதில் நான் தப்பு செய்தால் கண்ட்ரோல் இசட் அழுத்த முடியுமா?’ முடியும் என்றால் தாராளமாகத் தொடங்குங்கள். முடியாது என்றால், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக் கொண்டு தொடங்குங்கள்.

என் மகன் இப்போதும் என் பின்னால் உட்கார்ந்து வருகிறான். ஆனால் ஏறும் முன் பிரேக் லீவரை ஒரு முறை அழுத்திப் பார்த்து விட்டுத்தான் ஏறுகிறான். நான் அவனைக் கோபிப்பதில்லை.